கச்சா முடிச்சு

மாட்டுங்கா, மும்பை
9 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய முருகம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் என்னென்ன எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். நடுவில் தைரியம் குறைந்து எதையாவது விட்டுவிட்டால், எந்த எண் விடுபட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

1. நான் யார் என்பது.
2. அன்று நீங்கள் தூண்டில் நரம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு நான் செய்த காரியம்.
3. அதைச் செய்ததற்கு, நீங்கள் சொன்ன ஒரு சொல் எனக்குப் புரியாமல் போனதே காரணம் என்பது.
4. பதினைந்து நாட்களுக்கு முன் கல்லூரியில் நான் பார்த்தது.
5. இதையெல்லாம் உங்கள் மகள் மாரிசெல்வியிடம் நீங்களே சொல்வது ஏன் நல்லது என்பது.

ஒன்று. என் பெயர் தனசீலன். வயது எழுபத்தொன்று. செம்பூர்க் கல்லூரியில் மாணவர்கள் சிறிய செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்த அறையில், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவன் நான்தான். கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் தரச் சோதனையில் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, பிள்ளைகள் ஒவ்வொரு வேலையையும் படிவத்தில் எழுதி இருவர் கையெழுத்திடுகிறார்களா என்று பார்க்க அங்கே போய்வந்தேன். நான் அவர்களுக்கு ஆசிரியர் இல்லை. அவர்கள் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும். நேரம் குறிக்காத படிவத்தைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

இரண்டு. 2023 நவம்பரில் நீங்கள் வந்தீர்கள். நெய் டப்பா அளவுள்ள அந்தச் செயற்கைக்கோள் பெட்டியின் ஆண்டெனா, தச்சரின் அளவு நாடாவைப் போன்ற எஃகுப் பட்டைகள். அவற்றை மடக்கி, தூண்டில் நரம்பால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். மேலே போன பிறகு ஒரு சிறு கம்பி சூடாகி நரம்பை ஓரிடத்தில் அறுக்கும். நரம்பு உருவிக்கொண்டு ஓட, பட்டைகள் விரியும். அவை விரிந்தால்தான் பெட்டி பேசும். பிள்ளைகள் போட்ட முடிச்சுகள் சில முன்னாலேயே நழுவின, சில அறுத்த பிறகும் விடவில்லை. குழுவுக்குத் தலைமை தாங்கிய மாரிசெல்வி, “எங்க அம்மா பை வேலையில தினம் இதத்தான் கட்டுறாங்க” என்று சொல்லி, வெளியாள் சீட்டு எழுதி உங்களை அழைத்து வந்தாள்.

நீங்கள் கட்டி முடித்ததும் நான் கேட்டேன்: “முடிச்சு பக்காவா அம்மா?” நீங்கள் சிரித்தீர்கள். “இல்ல சார், கச்சா. கச்சா முடிச்சுதான் போட்டிருக்கேன்.”

நீங்கள் போன பிறகு பிள்ளைகள் சமோசா சாப்பிடக் கீழே இறங்கினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் உங்கள் முடிச்சின் மேல் ஒரு துளி பசை வைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் அப்படி ஒரு துளி வைப்பது வழக்கம். ஆனால் இந்தப் பெட்டிக்கான படிவத்தில் நாற்பத்திரண்டு வேலைகள் இருந்தன. பசை அவற்றில் இல்லை. ஆகவே எழுதவும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்று. எனக்குத் தெரிந்த கச்சா, கச்சா எண்ணெயில் வருவது. பக்குவமாகாதது, அரைகுறை. நீங்களே உங்கள் முடிச்சை அரைகுறை என்று சொன்னதாக நினைத்துவிட்டேன்.

நான்கு. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் ராக்கெட் சரியாகப் போனது. பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மார்ச்சில் வந்த அறிக்கை, ‘பயிற்சி பெறாத வெளியாள் கட்டிய முடிச்சு’ என்று காரணம் சொன்னது. அந்த வரியை நான் எழுதவில்லை. ஆனால் கீழே கையெழுத்திட்ட ஐந்து பேரில் நான்காவது ஆள் நான். பசைதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

இப்போது புதிய மாணவர்கள் இரண்டாவது பெட்டி செய்கிறார்கள். முடிச்சு நழுவக் கூடாது என்று அவர்களாகவே பசை வைத்து, குளிரூட்டும் கலத்துக்குள் சோதித்தார்கள். கம்பி சூடானது. நரம்பு அறுந்தது. ஆனால் பசை சுற்றுகளுக்கு இடையில் இறங்கி நரம்பைப் பட்டையோடு ஒட்டியிருந்தது. பட்டை விரியவில்லை. பிள்ளைகள், “பசை கூடாது” என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். முதல் பெட்டியிலும் பசை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாதே. நான் அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஐந்து. நான் சொன்னால் மாரிசெல்விக்குக் கோபம்தான் வரும். தாய் சொன்னால் பிள்ளை பொறுமையாகக் கேட்கும். ஆகவே இந்தக் கடிதத்தை அவளிடம் நீங்கள் காட்டுவது நல்லது என்று கருதுகிறேன்.

இப்படிக்கு,
தனசீலன்


தாராவி
16.2.2025

சாருக்கு முருகம்மாள் எழுதுவது.

எனக்கு எழுத்துத் தமிழ் வராது. எட்டாம் கிளாஸோட சரி. பேசுற மாதிரியே எழுதுதேன், பாத்துக்கிடுங்க.

உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். மொத தடவ படிச்சதும் எங்க வீட்டுக்காரரு பூலோகத்துகிட்ட குடுத்தேன். அவரு படிச்சிட்டு, “மனுசன் ரேசன் கார்டு மாதிரி நம்பர் போட்டுல்லா எழுதியிருக்காரு”ன்னாரு. பெறவு தண்ணி குடிச்சிட்டு வெளிய போயிட்டாரு.

சார், உங்க அஞ்சாம் நம்பரு நடக்காது. ஏன்னு சொல்லுதேன். மாரி இந்த வீட்டுக்கு வந்து பதினோரு மாசம் ஆச்சு. ரிப்போட்டு வந்த அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு முன்னால, “நான் உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதும்மா”ன்னா. அவ்வளவுதான். கத்தல, சண்ட போடல. சண்ட போட்டிருந்தா நானும் நாலு வார்த்த சொல்லியிருப்பேன். டீமுல இருந்து அவள எடுத்தாங்க, அவ தாணேல ரூம் எடுத்துப் போயிட்டா. ஞாயித்துக்கிழம அவுக அப்பாவுக்குப் போன் பண்ணுவா. அவரு ஸ்பீக்கர்ல போடுவாரு. நான் அடுப்படியில இருந்து கேப்பேன். நான் கேக்கேன்னு அவளுக்குத் தெரியும். அம்மா எங்கன்னு கேக்க மாட்டா.

இப்ப நான் போயி, தப்பு என்னோடது இல்ல, அந்தப் பெரியவரு பசை வச்சிட்டாருன்னு சொன்னா என்ன நெனப்பா? பழிய வயசானவரு தலையில போடுதான்னு நெனப்பா. உங்க லெட்டரக் காட்டுனாலும், நீ கேட்டு வாங்குனியாம்மான்னு கேப்பா. அது அவ புத்தி. எம் புத்திதான்.

அதுவுமில்லாம, லெட்டர எங்கிட்ட குடுத்து என்னயே சொல்லச் சொல்லுதிய. ரிப்போட்டு காலேஜில இருக்கு சார். அடுப்படியில இல்ல.

கச்சான்னா என்னன்னு சொல்லுதேன். உஸாமா பாய் கடையில பை கைப்பிடிக்குத் தோல மடிச்சு, மிஷின் தையல் விழுற வரைக்கும் ஒரு நூலால இறுக்கிக் கட்டி வைப்போம். தையல் முடிஞ்சதும் ஒரு பக்கம் வெட்டி இழுத்தா, மொத்தமும் உருவி வந்துரணும். நூல் மிச்சம் இருந்தா பை ரிஜெக்ட்டு. அதுக்குப் பேரு கச்சா. கச்சா போட எங்க கடையில என்னய விட்டா ஆள் கெடையாது. பக்கா முடிச்ச யாரு வேணா போட்டுருவாங்க சார்.

ரிப்போட்டு வந்த பெறவு அந்த வேலைய விட்டுட்டேன். உஸாமா பாய் கேட்டாரு, “க்யா ஹுவா முருகம்மா, ஹாத் மே தர்த் ஹை க்யா?”ன்னு. ஆமா பாய், கை வலிக்குன்னேன். வலிக்கல்லாம் இல்ல. நூலக் கையில எடுத்தா, இது நிக்குமா நிக்காதான்னு ஒரு ரோசனை வந்துருது. இருபத்தி ரெண்டு வருசம் வராத ரோசனை. இப்ப ஜிப்பு ஒட்டுற வேலை பாக்கேன். பசை வேலைதான் சார். சிரிக்காதீங்க.

ஆனா ஒண்ணு. சொல்லு புரியாமப் போச்சுன்னு எழுதியிருக்கிய. அதப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் ஆறிச்சு. நான் ரயில்ல வந்து எறங்குன வருசம் எனக்கும் பாதி வார்த்த புரியாது. கறிக்கடையில கலேஜின்னா என்னன்னு தெரியாம ஈரல வாங்கிட்டு வந்து நின்னேன். வார்த்தையால வந்ததுன்னா அத நான் ஏத்துக்கிடுதேன். ஆள மதிக்காம வந்ததுன்னாதான் கஷ்டம்.

நீங்க மாரிகிட்ட சொல்லுங்க. காலேஜிலயும் சொல்லுங்க. எனக்கு அது போதும்.

முருகம்மாள்


மாட்டுங்கா
2 மார்ச் 2025

முருகம்மாள் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு வாரத்தில் மூன்று முறை செம்பூர் போனேன். துறைத் தலைவர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது. முதல் முறை அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை யாரோ உள்ளே இருந்தார்கள். மூன்றாம் முறை அறையில் அவர் தனியாகத்தான் இருந்தார், கதவும் திறந்திருந்தது. நான் இரண்டாவது பெட்டியின் படிவங்களைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மாரிசெல்விக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றும் அனுப்பும்படி இல்லை. என் மனைவி ஜெயசீலி அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு, “உங்களுக்குப் பாயிண்ட் போட்டா ஒளிஞ்சிக்கிறதுக்கு இடம் கெடைச்சிருது. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல போய் நின்னுக்கிறீங்க” என்றாள். நாற்பத்தைந்து வருடமாக என்னைச் சோதித்துப் பார்ப்பவள் அவள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஐந்தாவது குறிப்பைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாரிசெல்வியின் முகவரி வேண்டும். தொலைபேசி எண் வேண்டாம். தொலைபேசியில் நான் பாதியில் நலம் விசாரித்து முடித்துவிடுவேன்.

தனசீலன்


தாராவி
8.3.2025

சார்,

அட்ரஸ் பின்னால எழுதியிருக்கேன். பூலோகம் எழுதித் தந்தது. ஸ்டேஷன்ல இருந்து ஷேர் ஆட்டோ உண்டு.

ஒரு விசயம். மாரி இருபத்தி மூணாம் தேதி ஹைதராபாத் போறா. பேங்குக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம். போன ஞாயித்துக்கிழம போன்ல அவுக அப்பாகிட்ட சொன்னா. “செயற்கைக்கோள் வேலை இல்லையா பிள்ள?”ன்னு அவரு கேட்டாரு. “அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா”ன்னா.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு வேற எதுவும் பிடிச்சதில்ல. மின்சாரம் போனா மாடியில நின்னு மேல பாத்துக்கிட்டுருக்கும்.

நீங்க பெஞ்சுல உக்காந்த கதையெல்லாம் வாசிச்சேன். கோவம் வரல. ஆனா இருபத்தி மூணுக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு சார். இந்த மனச்சொமையோட அவ ஊரு மாறிப் போயிட்டா, பெறவு நான் எந்த ஊருன்னு தேட.

முருகம்மாள்


மாட்டுங்கா
18 மார்ச் 2025

முருகம்மாள் அவர்களுக்கு,

கல்லூரியில் சொல்லிவிட்டேன்.

பேசவில்லை, எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். “பதினான்கு மாதம் கழித்தா?” என்று மட்டும் கேட்டார். அறிக்கையில் ஒரு திருத்தத் தாள் சேர்க்கப்படும். அதில் உங்கள் முடிச்சு சரியாக இருந்தது என்றும், படிவத்தில் இல்லாத பசையை நான் வைத்தேன் என்றும் இருக்கும். மாரிசெல்வியை இரண்டாவது குழுவுக்கு அழைக்க முடியுமா என்று கேட்டேன். அவள் படிப்பை முடித்துவிட்டாள், விதிப்படி இனி இடமில்லை என்றார். இதை நான் போன வருடம், அவள் மாணவியாக இருந்தபோதே, சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை.

உங்களுக்கு எழுதிய அந்த ஐந்து குறிப்புகளில் முதல் நான்கை மாரிசெல்விக்கு எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தாணே ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னாள். நான் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விட்டேன்.

அவள் உட்கார்ந்ததும், “உங்க தமிழ் படிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு அங்கிள்” என்றாள். பிறகு, “கல்தி எல்லாரும்தான் பண்றாங்க, தப்பு நடக்கத்தான் செய்யும். நான் சர்க்யூட்ல எத்தனை வாட்டி உல்ட்டா வயர் போட்டிருக்கேன், நீங்கதானே எழுதி வச்சீங்க. ஆனா அந்த ரிப்போர்ட் மீட்டிங்ல நீங்க எனக்கு எதிர் சேர்ல உக்காந்திருந்தீங்க. தண்ணி பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிட்டிருந்தீங்க. எனக்கு அது ஞாபகம் இருக்கு” என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

“நான் அம்மாவப் பார்த்து என்ன சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியும் என்றேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைக்காரர் வந்து, “தூஸ்ரா லாவூ க்யா?” என்று, வேறு டீ வேண்டுமா எனக் கேட்டுவிட்டுப் போனார்.

எழுந்து போகும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மூன்றாவது குறிப்பைப் பற்றி. நான் டீக்குக் காசு கொடுக்கக் கடைக்காரர் பக்கம் திரும்பிவிட்டேன். அந்தக் கேள்வியை இந்தக் கடிதத்தில் எழுதவும் என்னால் முடியவில்லை.

அவள் வீட்டுக்கு வருவாளா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவில்லை.

தனசீலன்


தாராவி
24.3.2025

சாருக்கு,

மாரி வந்தா. வெள்ளிக்கிழம சாயங்காலம், போன் கூடப் பண்ணாம. நான் கொழாயில தண்ணி பிடிச்சிக்கிட்டு நின்னேன். கொடத்த எங்கையில இருந்து வாங்குனா. வாங்கிக்கிட்டு, “அரே, இன்னும் இந்த ஓட்டைக் கொடத்தத்தான் வச்சிருக்கியா”ன்னா. பதினோரு மாசம், பன்னெண்டு மாசத்துக்கு அப்புறம் மொத வார்த்தை இது.

ராத்திரி சாப்புடும்போது சொன்னா, “உன்ன நம்பாமப் போயிட்டேன்மா.” நான் சொன்னேன், “நானே என்ன நம்பலயே பிள்ள, நீ எப்படி நம்புவ.” அவ தட்டுல இன்னும் கொஞ்சம் சோறு வச்சேன். பூலோகம்தான், “ஏ, செயற்கைக்கோளு சிக்னல் குடுத்துருச்சிலா”ன்னாரு. அவ சிரிச்சா. பெறவு அழுதா. அவரு பயந்துட்டாரு, ஜோக்குத் தப்பாப் போச்சோன்னு.

நேத்து ரயில் ஏத்திவிட்டோம். ஹைதராபாத் வேலைதான். காலேஜுல சேக்க மாட்டாங்கன்னு நீங்க எழுதுனதச் சொன்னேன். அவளுக்கு முன்னமே தெரியும் போல. தோளக் குலுக்கிக்கிட்டா. அத மட்டும் என்னால பாக்க முடியல சார்.

உஸாமா பாய் கடையில நாளைக்கு மறுபடியும் கச்சாவுக்கு உக்காருதேன். கை எப்படி இருக்குன்னு பாப்போம்.

உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன். பாஷை மாறி விழுந்த எடத்துல ஒரு வார்த்த பிசகிப் போச்சு. நீங்க வந்து ஒத்துக்கிட்டிய. பெரிய எடத்து மனுசங்க அதுவே செய்ய மாட்டாங்க. எங்க வீட்டுக்கு ஒரு நாள் ஜெயசீலி அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க.

ஒண்ணு மட்டும் வெளங்கல. மாரி ரயில்ல இருந்துகிட்டு, “அம்மா, அந்த அங்கிள் உனக்கு இன்னொரு லெட்டர் போடுவாரு. வந்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு”ன்னா. என்ன லெட்டருன்னு கேட்டேன். “போடலைன்னா விடு”ன்னு சொல்லிட்டா. நீங்க ஏதும் சொல்லியிருக்கியளா?

முருகம்மாள்


மாட்டுங்கா
30 மார்ச் 2025

முருகம்மாள் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கு எண் போடவில்லை.

உங்கள் வருத்தம் தீர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்துவிடலாம். நான்கு நாள் அப்படித்தான் இருந்தேன். ஜெயசீலி உங்கள் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று இரண்டு முறை கேட்டாள். நான் வெயில் குறையட்டும் என்றேன்.

டீக்கடையில் மாரிசெல்வி கேட்ட கேள்வி இது: “கச்சான்னா புரியலன்னு எழுதியிருக்கீங்க. அம்மா உங்களுக்கு செஞ்சு காட்டினாங்களே அங்கிள்?”

காட்டினீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம், உங்களுக்கு அது தினமும் செய்கிற வேலை. கச்சா என்று நீங்கள் சொன்னதும் நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். நீங்கள் மேசையில் கிடந்த மாதிரிப் பெட்டியை எடுத்து, அதே நரம்பை அதே போல மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினீர்கள். “ஆட்டிப் பாருங்க சார்” என்றீர்கள். ஆட்டினேன். நகரவில்லை. பிறகு கத்தரிக்கோலால் ஓரிடத்தில் வெட்டினீர்கள். நரம்பு மொத்தமும் உருவி மேசையில் விழுந்தது. பட்டைகள் படார் என்று விரிந்ததில் மாரிசெல்வி கைதட்டினாள். நான் இன்னொரு முறை என்றேன். இன்னொரு முறையும் செய்தீர்கள்.

அப்போது எனக்கு நன்றாகவே புரிந்தது. பிடிக்க வேண்டிய வரை பிடித்து, விட வேண்டியபோது முழுதாக விடும் முடிச்சு. எங்களுக்கு வேண்டியது அதுதான். முப்பத்தாறு வருடம் சோதனை செய்தவன் கண்ணால் பார்த்த இரண்டு சோதனை அவை. அதே முடிச்சை ஒரு பொறியாளர் வந்து கட்டி, அதே இரண்டு முறை செய்து காட்டியிருந்தால், நான் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். பசை டப்பாவைத் தேடியிருக்க மாட்டேன்.

நீங்கள் தாராவியில் பை தைக்கிறவர். கையில் தோல் சாயம் இருந்தது. வெளியாள் சீட்டைச் சேலையில் குத்தத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தீர்கள். பார்த்ததை நான் நம்பாமல் போனதற்கு அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. ‘கச்சா’ என்ற சொல் எனக்குப் பிறகு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கும் எழுதினேன், மாரிசெல்விக்கும் எழுதினேன், கல்லூரித் திருத்தத் தாளிலும் எழுதினேன். கல்லூரியில் திங்கட்கிழமை அதை மாற்றி எழுதிக் கொடுப்பேன்.

ஆளை மதிக்காமல் வந்தது என்றால்தான் கஷ்டம் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த மன்னிப்பு அந்தச் சொல்லுக்குக் கொடுத்தது. எனக்குக் கொடுத்தது அல்ல. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்தக் கடிதத்தை மாரிசெல்விக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

தனசீலன்